ஊமத்தைப் புகை

“அந்த மனுஷன் கையால காப்பி கீப்பி வாங்கிக் குடிக்காத, லூசி.”

“ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?”

“மொத சம்சாரம் எப்படிச் செத்துச்சுன்னு அவரு உங்கிட்ட சொல்லவே இல்லியா? மூச்சு விட முடியாம... இதே வீட்ல.”

பக்கத்து வீட்டுச் சாந்தமேரி குழாயடியில் சொன்னது. அன்றைக்கு லூசி சிரித்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

அவள் கையில் ஒரு பிஸ்கட் டின். கணவனின் டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில் கிடைத்தது. உள்ளே பிஸ்கட் இல்லை.

காய்ந்த இலைகள்... கரிந்துபோன ஒரு தட்டு... தீப்பெட்டி.

கரிந்த தட்டை முகர்ந்து பார்த்தாள். அந்த நெடி அவளுக்குத் தெரியும். நேற்று மாலை மழைக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது, ஒட்டினாற்போல் இருந்த சாமான் அறையிலிருந்து வந்த அதே நெடி!

1932. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ். லூசியின் கணவன் கொர்னேலியஸ் ரயில் கார்டு. வெள்ளை யூனிபார்ம், பச்சைக் கொடி, அதிராத பேச்சு. கிள்ளானில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கும் செபாஸ்டியனின் ஒரே மகளை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டவன். தங்கமான பிள்ளை என்று பங்குச் சாமியாரே சொன்னார்.

தங்கம்தான். ஆனால்...

கட்டிலுக்கு வரமாட்டான்.

அப்பா தம் கையால் திணித்துத் தைத்துக் கொடுத்த சீதன மெத்தையில் லூசி தனியாகக் கிடப்பாள். அவன் கொஞ்ச நேரம் படுத்துப் புரளுவான். பிறகு எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவான். கேட்டால் புழுக்கம் என்பான். வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்று அவனுடைய சட்டைப்பையைத் துழாவியிருக்கிறாள் லூசி. ஒன்றும் அகப்படவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

இன்று காலை அதிசயமாக அவனே காப்பி போட்டுக் கொடுத்தான். குடித்தாள். அவன் டூட்டிக்குப் போன பிறகுதான் கவனித்தாள்... நாக்கு மரக்கட்டைபோல் வறண்டிருந்தது. ஜெபப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கின.

இரண்டு இலைகளை முந்தானையில் முடிந்துகொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் பாலன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“இது ஊமத்தை, தங்கச்சி. எங்க புடிச்ச?”

“வீட்ல, அண்ணே.”

“கண்ணைக் காட்டு.” அவர் குனிந்து பார்த்தார். “கருமணி ரெண்டும் கோலிக்குண்டு கணக்கா விரிஞ்சு கெடக்கு. ஊமத்தை உன் உடம்புக்குள்ள போயிருக்கு லா. யாரு குடுத்தா?”

லூசியின் கை கழுத்துத் தாலிக்குப் போயிற்று. கணவன் பெயரைச் சொன்னால் அதைத் தானே கழற்றியதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. புரிந்துகொண்டு, போலீசுக்குப் போகலாம் என்றார் பாலன். முதலில் அப்பா வரட்டும் என்றாள் இவள். டிஸ்பென்சரியைச் சாத்திவிட்டு நேரே வீட்டுக்கு வருவதாகவும், அதுவரை பச்சைத் தண்ணீர்கூட அவன் கையால் வாங்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டின்னைத் தூக்கி, அத்தனை இலையையும் லோங்காங் சாக்கடையில் கொட்டினாள். நேற்றைய மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. வெறும் டின்னைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தாள்.

தகவல் கிடைத்து, மதிய ரயிலில் செபாஸ்டியன் வந்து இறங்கினார். மகள் சொன்னதை முழுதாகக் கேட்டார். கோபம் வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செய்கிற வேலையையே இன்றும் செய்தார். பிரம்பை எடுத்து மெத்தையை அடித்தார். இன்றைக்கு அடியில் வெறி இருந்தது. தையல் விட்டு, அறை முழுக்கப் பஞ்சு பறந்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம்.

கொர்னேலியஸ் உள்ளே வந்ததும் செபாஸ்டியன் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ஜன்னல் ஏற்கெனவே அடைத்திருந்தது.

“மாப்ள, எம் பொண்ணுக்கு என்ன குடுத்தீங்க?”

கொர்னேலியஸின் முகம் மாறியது.

குற்றவாளியின் முகம்... என்று நினைத்தாள் லூசி.

அவன் டிரங்குப் பெட்டியின்மேல் பாய்ந்தான். துணிகளை வாரி இறைத்தான். டின்னைக் கண்டான். திறந்தான்.

“எலை... எங்க?”

“லோங்காங்ல கொட்டிட்டேன்,” என்றாள் லூசி.

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே நிற்பவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. மெல்ல மண்டியிட்டான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினான். நெஞ்சுக்குள்ளிருந்து ‘வீ...ஈ...’ என்று ஒரு விசில்.

“நடிக்கிறான்,” என்றார் செபாஸ்டியன்.

கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை பள்ளம் விழுந்தது. உதடுகள்... நீலம்.

நீலத்தை எப்படி நடிக்க முடியும்?

லூசி தாழ்ப்பாளை நோக்கி ஓடினாள். அப்பா குறுக்கே நின்றார். பிறந்ததிலிருந்து எதிர்த்துப் பேசியறியாத மகள், அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். கணவனைக் கட்டி இழுத்துப் பின்வாசல் படியில் உட்கார வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பாலன் வந்தார். ஒரே பார்வை. மறுபேச்சில்லாமல் பையைத் திறந்து ஊசி போட்டார்.

மூவரும் காத்திருந்தார்கள். விசில் மெல்ல இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது.

“இது இழுப்பு லா,” என்றார் பாலன். “ஆஸ்துமா. தங்கச்சி, காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா?”

“எனக்குத் தெரிஞ்சாத்தானே அண்ணே...”

பாலன் படியில் உட்கார்ந்து விளக்கினார். ஒத்துக்கொள்ளாத தூசி பட்டால் நெஞ்சுக்குள் காற்றுப் போகிற குழாய்கள் முஷ்டிபோல் இறுகிவிடும். உள்ளே போன காற்று வெளியே வர வழியிருக்காது. ஊமத்தையைத் தின்றால் விஷம். அளவாகப் புகைபோட்டு இழுத்தால் இறுகிய குழாய் விரியும். அதனால்தான் பலரும் இழுக்கிறார்கள். நேற்று ஜன்னலை அடைத்த வீட்டில் அந்தப் புகையை லூசியும் சேர்ந்து சுவாசித்திருக்கிறாள். அவ்வளவுதான். காப்பி... வெறும் காப்பி.

அப்படியானால் இந்த வீட்டில் கொலை செய்யப் பார்த்தது யார்?

மருந்தைக் கொட்டியவள் லூசி. கதவை அடைத்தவர் செபாஸ்டியன்!

சுருதி இறங்கிய குரலில் கொர்னேலியஸ் சொன்னான். முதல் மனைவிக்குக் காசநோய். தனக்கும் அதுதான் ஒட்டிக்கொண்டதோ என்று பயம். வெளியே தெரிந்தால் ரயில் வேலை போகும். வேலையோடு லூசியும் போய்விடுவாளோ என்று, இருட்டில் பின்வாசலில் உட்கார்ந்து மூச்சோடு மல்லாடியிருக்கிறான். காலையில் காப்பி போட்டதுகூட, ஒரு விஷயம் பேசத் துணிவு தேடித்தான்.

“செரம்பான் ஸ்டேஷன்ல டூட்டி முடிஞ்சு அங்கயே கேன்வாஸ் கட்டில்ல படுத்தா ஒண்ணுமில்ல, டிரஸ்ஸர். இந்த ரூமுக்குள்ள வந்தாத்தான் புடிக்குது.”

“ரூமுக்குள்ள எது கிட்ட?”

கொர்னேலியஸ் ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தான். அவர் மீசையில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பிரம்பு. சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள் லூசி. கிட்டத்தட்டக் கொன்றவளோடு எவன் குடித்தனம் நடத்துவான்? அப்பாவோடு கிள்ளானுக்குப் போ என்று சொல்லப்போகிறான்...

“லூசி... உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துக்கு மறுநாள்ல இருந்தே கேக்க நெனைக்கிறேன். வாய் வரல.”

“கேளுங்க,” என்றாள். கண்ணீர் முட்டியது.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துக்கொண்டான்.

“மாமா குடுத்த அந்த மெத்தைய மட்டும் அவருகிட்டயே திருப்பிக் குடுத்துடலாமா? பொண்ணை நானே வச்சுக்கிறேன்.”