மென்சவ்வுக்கு வேலை இல்லை

தேயிலைக் கொழுந்துக்குள் ஓர் உயிர்க்கலம் எப்படி இரண்டாகப் பிரிகிறது? பொகவந்தலாவைத் தோட்டப் பள்ளியின் கண்காட்சிக்கு அதுதான் நாடகம். லோஜினியைப் பொறுப்பாக இருக்கச் சொன்னார் விஞ்ஞான மிஸ். அவ்வளவுதான், அவளுக்குத் தலைகால் புரியவில்லை!

காலையில் பெரட்டுக் களத்தில் அம்மாமாரை வரிசையாகக் கூட்டி அன்றைய வேலை கொடுப்பார்களே, அதே மாதிரி எல்லாரையும் மைதானத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டாள்.

"ஹிஷாம் கூட்டம், இழைமணி! கலத்துக்குச் சக்தி குடுக்கிறது நீங்கதான். நிரஞ்சன் கூட்டம், நிறமூர்த்தம்! பரம்பரைக் குணம் உங்ககிட்டதான் இருக்கு, நடுவுல நில்லுங்க. நிஷாந்தி, நீ கருமென்சவ்வு, கருவோட மேல்தோல். அவங்கள சுத்தி மூடிக்க."

நிஷாந்தி அம்மாவின் படங்கைக் கொண்டுவந்திருந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் விரிப்பு அது. அதை விரித்து நிறமூர்த்தங்களை மூடினாள்.

"பிரிவு தொடங்குது! மென்சவ்வு மறைஞ்சிருச்சு. நிஷாந்தி, உனக்கு இனி வேலை இல்ல. வீட்டுக்குப் போ."

"நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேனே?"

"வேலை இல்லாதவங்க இங்க நிக்கக் கூடாது!"

நிஷாந்தி படங்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நிறமூர்த்தங்கள் பிரிந்து இரு பக்கமும் ஓடின. இழைமணிகளும் பாதிப் பாதியாகப் போயின.

"ரெண்டு பக்கமும் புதுக் கரு வரணுமே, யாரு மூடுறது?" என்று கேட்டான் ஹிஷாம். "மென்சவ்வு மறையுதுன்னா ஓடியா போகுது? துண்டு துண்டா கலத்துக்குள்ளதான் இருக்கும், கடைசியில திரும்பச் சேரும்னு மிஸ் சொன்னாங்கல்ல!"

லோஜினிக்குச் சுருக்கென்றது. ஒத்திகை முடிந்ததும் நிஷாந்தியின் லயத்து வீட்டுக்கு ஓடினாள்.

"நாளைக்கு வா புள்ள."

"வரமாட்டேன். பிந்திப்போச்சு, வேலை இல்லன்னு அம்மாவ இன்னைக்குப் பெரட்டுல திருப்பி அனுப்பிட்டாங்க. அதனாலதான் படங்கு எனக்குக் கெடைச்சிச்சு. அங்க வந்தா நீயும் அதையே சொல்ற."

ஐயோ, ஏன்தான் அப்படிச் சொன்னோமோ! லோஜினிக்கு அழுகை வந்துவிட்டது.

"தப்புடீ. சொன்னத திருப்பி வாங்க முடியாது. ஆனா கரு ரெண்டு வருது, மூடுறதுக்கு ஒருத்தி பத்தாது. நானும் உன்கூட மறையுறேன். பேரு கூப்பிடுறத ஹிஷாம் பாக்கட்டும்."

 கண்காட்சியன்று நிஷாந்தி வந்தாள்.

"கலம் பிரியுது!" என்று கத்தினான் ஹிஷாம். மென்சவ்வுகள் இரண்டும் இழைமணிகளுக்கு நடுவே போய்க் குந்திக்கொண்டன.

"இன்னும் கோவமா?" என்று மெதுவாகக் கேட்டாள் லோஜினி.

"கொஞ்சம் இருக்கு," என்றாள் நிஷாந்தி. "கிட்ட வந்து குந்து. நம்ம வேலை வரப்போகுது."