முகம் இல்லாத படம்

"ஏங்க! நான் வரையுற மரத்துல சுண்ணாம்பு பூசாதீங்க!"

"வெட்டுற மரத்துக்கெல்லாம் அடையாளம் போடச் சொல்லியிருக்காரு எங்கப்பா. இது என்ன உங்க தாத்தா வீட்டுச் சொத்தா?"

வன அதிகாரியின் மகள் ஹெட்விக் அந்த ஓக் மரத்தில் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். டிரெஸ்டன் நகரத்திலிருந்து வந்த ஓவியன் லெபரெக்ட் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த நான்கு நாளும் இதே கதைதான். அவன் ஏதாவது சொல்வான்... இவள் வெடுக்கென்று திரும்பிக்கொள்வாள். திரும்பிய பிறகு, ஏன் திரும்பினோம் என்று அவளுக்கே விளங்காது.

இன்று பன்னிரண்டு மணி வண்டிக்கு அவன் ஊருக்குப் போகிறான். போனால் என்ன? பின்னே ஏன் காலையிலிருந்து பத்துத் தடவை மணி பார்த்தாள்?

சோவென்று மழை பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பு வாளியோடு அவளும் படத்தோடு அவனும் அதே ஓக் மரத்தடிக்கு ஓடினார்கள்.

"இதைக் கொஞ்சம் உங்க சால்வைக்குள்ள வச்சுக்குங்களேன்... நனைஞ்சிடும்" என்று படத்தை நீட்டினான் அவன்.

வாங்கிப் பார்த்தாள். இலை இலையாக அந்த மரம். அதன் கீழே முதுகைக் காட்டியபடி ஒரு பெண்... யார் இவள்? டிரெஸ்டனில் யாராவது காத்திருக்கிறாளோ? கண்ணில் நீர் முட்டியது. இவனுக்காக நான் ஏன் அழ வேண்டும்?

அப்போதுதான் கவனித்தாள். அந்தப் பெண்ணின் பாவாடை ஓரத்தில் சுண்ணாம்புக் கறை! குனிந்து தன் பாவாடையைப் பார்த்தாள். அதே கறை.

"என் மூஞ்சி என்ன, அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

"ஐயோ! கண்ணால பார்த்ததைத்தாங்க நான் வரைவேன். அஞ்சு நாளா நீங்க காட்டுனது முதுகு மட்டும்தானே!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எனக்கு ஒண்ணுமே புரியலங்க... நீங்க போயிட்டா அழுவேன்னு மட்டும் தெரியுது."

சொல்லிவிட்டு வேரின் மேல் உட்கார்ந்தாள். முதல் முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இப்ப வரைங்க."

அவன் பென்சிலை எடுத்தான். ஓர் இலை விடாமல் வரைந்த கை, ஒரு கோடு போட்டது, அழித்தது; மறுபடி போட்டது, அழித்தது.

"முடியலங்க..."

"வண்டிக்கு நேரமாச்சா?"

"வண்டி போகட்டும். இந்த முகத்தை வரைய எனக்கு ஒரு ஆயுசு வேணும்... தருவீங்களா?"

இந்த முறை அவள் திரும்பிக்கொள்ளவில்லை.