சிவப்புக் கோடு தாமதமாக விழுந்தது

அறிக்கையை மேசைமேல் ஓங்கி அடித்தாள். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்... அதே கண்கள்! போன வாரம் அக்கா பெண்ணைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு மழையில் தொப்பலாக நனைந்து வந்தபோது துண்டை நீட்டிய அதே ஆராய்ச்சிக்காரன். ஒரு வாரமாக அந்த முகத்தை நினைத்துக்கொண்டிருந்தாளே, தன்னைத்தான் சொல்ல வேண்டும்!

“என்ன சார் எழுதியிருக்கீங்க? அறிவியல் கேள்வியை யோசிக்கும்போது மூளையில போதிய செயல்பாடு இல்லையா? எங்க அக்கா பொண்ணுக்கா? எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு கேக்கிறதால வீட்டுல அவ பேரே ஏன்குட்டி!”

“மெஷின் காட்டினதைத்தான் எழுதினேன், மேடம்.”

“இதை வெச்சுத்தான் திறமைசாலிப் பிள்ளைங்க வகுப்புல இடம் குடுப்பாங்க. நாளைக்குக் கடைசி நாள். அறிக்கையைப் படிச்சதுலேர்ந்து அது ஒரு கேள்வி கேக்கலை சார்... ஒண்ணே ஒண்ணு!” இவன் முன்னால் அழுவதா? சீ! “பதிவைப் போடுங்க. நான் பாக்கணும்.”

“உங்களுக்குப் புரியாது.”

வந்ததே கோபம்! “கண்ணாடிக் கடையில ஆறு வருஷமா கண்ணு பரிசோதிக்கிறேன். பாக்கத் தெரியும். போடுங்க!”

முறைத்தபடியே போட்டான். திரையின் மேல்பாதியில், ஒயர்கள் தொங்கும் தொப்பியோடு ஏன்குட்டி. கீழே அவளுடைய மூளையின் அலைகள். பதிவில் கேள்வி ஒலித்தது: ஊஞ்சல் கயிறு நீளமானால் ஆட்டம் வேகமாகுமா, மெதுவாகுமா? குழந்தை புருவத்தைச் சுருக்கினாள். அலைகள் துள்ளின... அடங்கின. “மெதுவா” என்றாள். அதற்கப்புறம்தான் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

“அது என்ன கோடு?”

“கேள்வி முடிஞ்சதும் நான் பட்டனை அழுத்தணும். அங்கேர்ந்துதான் மெஷின் அளக்க ஆரம்பிக்கும்...” அவன் குரல் தேய்ந்தது.

அடுத்த கேள்வியிலும் அப்படியே. பன்னிரண்டு கேள்வியிலும் பிள்ளை யோசித்து முடித்த பிறகே கோடு.

“அடப்பாவி! வேலையை முடிச்சிட்டு மூளை ஓய்வெடுக்கிறதைப் போய் அளந்திருக்கீங்களே! அப்போ எங்க போச்சு உங்க கவனம்?”

அவன் கோடுகளைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, மறுபடி கணக்கெடுத்தான். இப்போது பன்னிரண்டிலும் மூளை சுறுசுறுப்பாகத் தெரிந்தது. புது அறிக்கையில் ‘தவறு முழுக்க என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவள் கண்முன்னே பள்ளிக்கு அனுப்பினான்.

“பாப்பாகிட்ட நானே மன்னிப்புக் கேக்கணும்... போன் போட்டுத் தருவீங்களா?”

போட்டுக் கொடுத்தாள், ஸ்பீக்கரில். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மறுமுனையில் ஒரு சின்னக் குரல்...

“பட்டனை ஏன் அங்கிள் லேட்டா அழுத்தினீங்க?”

ஏன்! அவளுக்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

“சொல்லுங்க,” என்றாள் கடுகடுவென்று. “அது விடாது.”

“கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்க சித்தி தலை துவட்டிட்டு இருந்தாங்க... அவங்களையே பாத்துட்டு இருந்துட்டேன்.”

“ஏன்?”

“...ரொம்பப் பிடிச்சிருந்தது.”

அவள் காது மடல் சுட்டது. இப்படியா சொல்வான், குழந்தையிடம்! அறையலாம் போல வந்தது. கைதான் எழவில்லை.

“சித்தி, நீ ஏன் அவரைத் திட்டாம இருக்க?”

வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள்.

“ஏன்னா எனக்கும் பிடிச்சிருக்குடி! போதுமா? வை போனை!”