கட்டிலடித் தட்டு

செடி என்றால் வெளிச்சம் வரும் பக்கம்தான் சாயும். ஆனால் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் இருந்த நாற்றுத் தட்டைக் குனிந்து பார்த்தபோது, வெள்ளைக் கரை போட்ட குட்டை இலைகள் அத்தனையும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேலே தன் புருஷன் வேலுமணியின் கால் கிடந்த பக்கமாய்த் திரும்பியிருந்ததைப் பொன்னுத்தாய் கண்டாள்.

கொடைக்கானல் நர்சரிக்காரர் வளர்த்துத் தரச் சொன்ன பார்டர் செடி அது. தோட்டத்துப் பாதையோரம் தரையோடு தரையாய்ப் படர்ந்து வருஷம் முழுக்க வாடாமல் கிடக்கும். கணு ஈரத்தில் பட்டால் போதும், அங்கேயே வேர் விட்டுவிடும். மலைமேல் இருக்கும் அவர்கள் ஊரான போளூரில் தை மாதத்து உறைபனி இளநாற்றைக் கருக்கிவிடுமே என்று அவள்தான் தட்டை உள்ளே கொண்டுவந்து, அடுப்புச் சூடு படுகிற கட்டிலடியில் தள்ளிவைத்தாள்.

வேலுமணி படுத்து இரண்டு மாதமாகிறது. மம்பட்டி வெட்டிய கால். சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் காலை எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. சீழ் துடைப்பதில் அருவருப்பு இல்லை என்று ஊரிடம் சொல்லிக்கொள்வாள். சுத்தப் பொய். அந்த நாற்றம் சோற்றில்கூட ஒட்டிக்கொண்டு வந்தது; எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகவில்லை.

மத்தியானமே மூடுபனி இறங்கி வீடு இருண்டு கிடந்தது. கரண்டும் இல்லை. கரை இல்லாமல் முழுப் பச்சையாய் வரும் தளிர்களை அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும், விட்டால் தட்டு மொத்தமும் பச்சையாகிவிடும், எவனும் வாங்க மாட்டான். கண்ணை இடுக்கிப் பார்த்து ஒன்றைக் கிள்ளினாள்.

மேலே வேலுமணி "ஸ்" என்றான்.

"என்னங்க, புண்ணு வலிக்குதா?"

"நாலு நாளா வலியே இல்ல புள்ள. இப்பத்தான் சுருக்குன்னுச்சு."

இன்னொன்றைக் கிள்ளினாள். மறுபடியும் "ஸ்".

கிள்ளிய இடத்தில் மஞ்சளாய், கெட்டியாய், வெதுவெதுவென்று ஏதோ கசிந்து விரலில் ஒட்டியது. அந்த வாடை அவளுக்குத் தெரியும். சேலையில் துடைத்தாள், போகவில்லை. தட்டிலிருந்து நாலைந்து தண்டுகள் கட்டில் கயிற்றைப் பின்னி மேலேறியிருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

"புண்ணுக் கட்ட அவுக்கணுங்க. நாலு நாளா மாத்த விடல நீங்க."

"வேணாம். அது பாட்டுக்கு சொகமா கெடக்கு."

கேட்கவில்லை அவள். வெரசாய் அவிழ்த்தாள். கடைசிச் சுற்று வரவில்லை. இழுத்தாள்.

புண் இல்லை.

புண் இருந்த இடத்தில் இலை. நெருக்கமாய், செழிப்பாய். தொட்டாள். சூடு. நாடி துடிக்கிற கணக்கில் மெல்ல மெல்லத் துடித்தது. ஒன்றைப் பிடுங்கினாள். சதைக்குள்ளிருந்து வேர் வந்தது. ஈர இடியாப்பம் போல, வெள்ளையாய், கொழகொழவென்று. வந்தது. வந்துகொண்டே இருந்தது. கையை உதறினாள்.

"பாத்தியா, ஆறிருச்சு. கால எடுக்க வேணாம்," என்றான்.

எழுந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு, யார் தோளையும் பிடிக்காமல். மண்தரையில் காலை ஊன்றினான். விரல்கள் அகன்றன. தரைக்குள் எதுவோ நெறுநெறுவென்று இறங்கும் சத்தம். அடுத்த அடி வைக்கக் காலைத் தூக்கினான்.

வரவில்லை.

அதற்காக அவன் பயப்படவில்லை. "நல்லா குளுகுளுன்னு இருக்கு புள்ள. குளிருக்குப் போட்ட செருப்பக் கழட்டிட்டு நீயும் வா."

சிரித்தான். ஈறு இருக்க வேண்டிய இடத்தில், பல்வரிசை ஓரமாய், வெள்ளைக் கரை போட்ட குட்டை இலைகள் ஈரத்தோடு வரிசை பிசகாமல் நின்றன.