பதிவு செய்த எண்

மதியம் இரண்டு மணிக்கு வெண்ணந்தூர் போய்ச் சேர்ந்தேன். மாமியார் வீட்டு முன் வண்டியை நிறுத்தியும் உடனே இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

செத்திருப்பார் என்றே நினைத்தேன்.

மாமியார் சென்னியம்மாளுக்கு இதய நோய். ஒரு நாளும் மாத்திரை விடக்கூடாது. என் மனைவி தனப்பிரியாதான் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து மாதாமாதம் தன் போனில் மருந்து ஆர்டர் செய்வாள். பார்சல் வரும் நாளில் ஓடிபி அவள் எண்ணுக்கு வரும். உடனே அம்மாவின் பட்டன் போனுக்கு அழைத்துச் சொல்வாள். அம்மா அந்த நான்கு இலக்கங்களைக் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டு, மருந்து கொண்டுவருபவரிடம் படித்துக் காட்டுவார்.

தனப்பிரியா காய்ச்சலில் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அதன் பிறகும் அவள் போனில் தினமும் காலை எட்டு மணிக்கு 'அம்மா மாத்திரை' என்று அலாரம் அடித்தது. ஒன்பதாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. எண்ணை ரத்து செய்தேன். போனை அணைத்து பீரோவில் பூட்டினேன். மருந்து நினைவுக்கு வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன்.

மாமியார் பலமுறை அழைத்தார். நான் எடுக்கவில்லை. பிறகு அழைப்பே வரவில்லை.

கதவைத் தட்டினேன்.

"வாங்க மாப்பிள்ளை. இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"

நன்றாக இருந்தார். என்னைவிட நன்றாக.

உள்ளே மருந்து வாடை. கடைசி வாரம் தனப்பிரியாவின் கைகளில் இருந்த அதே வாடை.

"அத்தை, மாத்திரைக்கு என்ன பண்ணுனீங்க?"

"மாசம் தவறாம வருதுங்களே. பிரியா நெம்பர் சொல்றா, நான் எழுதிக்கறேன்."

"அத்தை... பிரியா..."

"எனக்குத் தெரியாதுங்களா? அவ தலைக்குக் கடைசியா எண்ணெய் வெச்சதே நாந்தானுங்க."

கிழித்த காலண்டர் தாள்கள் மூன்றை நீட்டினார். மூன்றிலும் பென்சிலில் நான்கு இலக்கங்கள்.

மூன்று தேதிகளும் அவள் இறந்த பிறகு.

என் போனிலிருந்து அவள் எண்ணுக்கு அழைத்தேன். உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக் குரல். அன்று காலைதான் பீரோவிலிருந்து எடுத்துப் பையில் போட்டிருந்த அவள் போனை என் போனின் இணையத்தோடு இணைத்து, மருந்துச் செயலியைத் திறந்தேன். மூன்று ஆர்டர்கள். மூன்றும் ஒப்படைக்கப்பட்டவை. அப்போதெல்லாம் இந்தப் போன் பீரோவில் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது.

"இனி நான் பாத்துக்கறேன் அத்தை. என் நெம்பருக்கு மாத்திடறேன்."

அவர் காலண்டர் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

செயலியில் என் எண்ணைத் தட்டினேன். மாற்றத்தை உறுதிசெய்ய, பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது.

பக்கத்துத் தறிகள் ஒரேயடியாக நின்றன. கரண்ட் போயிருந்தது.

வாடை கூடியது.

பட்டன் போன் அடித்தது.

சென்னியம்மாள் பென்சிலை எடுத்துக்கொண்டு பேசினார். "சொல்லு சாமி." கேட்டார். "ஆமா, வந்திருக்கறாரு. எளைச்சுத்தான் போயிட்டாரு." மறுபடி கேட்டார்.

பென்சிலைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்றா அத்தை?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நெம்பர் சொல்ல மாட்டாளாமுங்க. நான் இங்கிருந்து கூப்பிட்டா நீங்க எடுக்க மாட்டீங்களாம்."

போனை வாங்கிக் காதில் வைத்தேன். மூச்சுவிடும் சத்தம் மட்டும். மெதுவாக, மிகப் பக்கத்தில்.

"பிரியா," என்றேன்.

இணைப்பு அறுந்தது.

மறு கையிலிருந்த அவள் போனில் ஒரு வரி வந்தது. பதிவு செய்த எண்ணிலிருந்து உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.