சட்டியில் விழுந்த புளியங்கொட்டைகள்

சனிக்கிழமை காலையில் முக்கூடல் பள்ளி மைதானத்துக்கு டெபோரா அக்கா வந்துவிட்டால், தஸ்லிமாவுக்குக் கபடிகூட மறந்துபோகும்.

டெபோரா பாளையங்கோட்டையில் பிசியோதெரபி படிக்கிறவர். அடிபட்ட கை கால்களைப் பயிற்சி கொடுத்துச் சரியாக்கும் படிப்பு அது. ஆனால் அவர் இங்கே வந்தது வேறு ஒரு கேள்வியோடு. கபடி ஆடும் பிள்ளைகளுக்கு முட்டி ஏன் அடிக்கடி கெட்டுப்போகிறது? கெட்டபிறகு சரிசெய்வதை விட்டுவிட்டு, கெடாமலே பார்த்துக்கொள்ள முடியாதா? இதைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முதல் நாள் எல்லோரையும் ஒரு பெஞ்சின் மேலிருந்து குதிக்கச் சொன்னார். அதைப் போனில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். தண்ணீருக்குள் குதிப்பதுபோல எல்லோரும் மிதந்து இறங்கினார்கள். தஸ்லிமாவின் தோழி ஹெப்சிபா இறங்கும்போது மட்டும் அவளுடைய இரண்டு முட்டிகளும் உள்பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று இடிக்கப் பார்த்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். ஹெப்சிபாவும் சிரித்தாள். டெபோரா சிரிக்கவில்லை. கால் விரல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, முட்டியும் அந்தப் பக்கமே பார்க்க வேண்டும் என்று செய்து காட்டினார்.

“குதிச்ச சத்தமே கேக்கக்கூடாது. கேட்டா, அந்த அடி முட்டிக்குப் போகுதுன்னு அர்த்தம்.”

அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் வகுப்பிலும் சத்தமில்லாமல் குதித்துப் பழகினார்கள். பெஞ்சின்மேல் நின்றவர்கள் எப்போது கீழே இறங்கினார்கள் என்று கணக்கு டீச்சருக்குக் கடைசிவரை புரியவில்லை.

தஸ்லிமா அணியில், பாடி வருகிறவர்களை மடக்கிப் பிடிக்கிற ஆள். ஹெப்சிபா ‘கபடி கபடி’ என்று எதிரணிக்குள் பாடிப் போகிற ஆள். ஹெப்சிபா கோட்டைத் தாண்டிப் போனால், யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. பள்ளிக்கூடமே அவளைத்தான் நம்பியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். படித்துறையில் ஹெப்சிபா பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

“ஏட்டி, முட்டி வலிக்கா?” என்று கேட்டாள் தஸ்லிமா.

ஹெப்சிபா முதலில் இல்லை என்றாள். தண்ணீரில் இறங்கி உட்கார்ந்த பிறகு, ரொம்ப நாளாக வலிக்கிறது என்று ஒத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

“கபடி சார் போன வருசம் சொன்னது ஞாபகம் இருக்கா? வலிக்குன்னா வீட்ல இருன்னாரே. என்னையும் வீட்ல இருக்கச் சொல்லிட்டா, நான் என்ன செய்ய?”

வீட்டுக்கு வந்தும் தஸ்லிமாவுக்கு அதே யோசனை. சொன்னால் தோழிக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அந்த முட்டி என்ன ஆகும்?

அடுத்த சனிக்கிழமை டெபோரா பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, யாருக்காவது எங்காவது வலி இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பக்கத்திலேயே பயிற்சியாளர் மணிராஜ் சார் விசிலோடு நின்றார். எல்லோரும் இல்லை என்றார்கள். ஹெப்சிபா மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

மணிராஜ் சாருக்கு முகமெல்லாம் பெருமை. டெபோரா மட்டும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். தஸ்லிமா அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“யாருக்கும் வலி இல்லைன்னா நல்லதுதானக்கா? ஏன் இப்படி இருக்கீங்க?”

“இத்தனை பேர் தினமும் விழுந்து எழும்புறீங்க. ஒருத்தருக்குக்கூட வலி இல்லைன்னா, என் கேள்வியிலதான் ஏதோ தப்பு இருக்கு” என்றார் டெபோரா.

தஸ்லிமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் பொதுவாகப் பதில் சொன்னவர்களைத்தான் திட்டுவார்கள். தன் கேள்வியையே சந்தேகப்படுகிற ஒருவரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் குழம்பு எப்படி என்று உம்மா கேட்டால், வாப்பா உட்பட எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உம்மா அதை நம்ப மாட்டார். அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பார். நிறைய மிச்சம் இருந்தால், அன்றைக்குக் குழம்பு சரியில்லை. அது தஸ்லிமாவின் நினைவுக்கு வந்தது.

“அக்கா, ஆளைப் பாத்துக் கேட்டா யாரும் சொல்ல மாட்டோம். ஆள் தெரியாம கேட்டுப் பாருங்களேன்.”

எப்படி என்று டெபோரா ஆர்வமாகக் கேட்டார். தஸ்லிமா சொல்லச் சொல்ல, அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

சத்துணவுக்கூடத்திலிருந்து ஒரு சட்டி வந்தது. அதை வகுப்பறைக்குள் வைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு சின்னக் கல். வலி இருந்தால் கொட்டையைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கல்லை. மற்றதைச் சன்னல் வழியாக வெளியே எறிந்துவிடலாம். உள்ளே ஒருவர்தான் போக வேண்டும். கடைசியில் மணிராஜ் சாரும், நானும் போடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே போய்வந்தார்.

டெபோரா சட்டியைத் தரையில் கவிழ்த்தார். கல்லைத் தேடத்தான் வேண்டியிருந்தது. அத்தனை கொட்டைகள்.

மணிராஜ் சார் குனிந்து கொட்டைகளையே பார்த்தார். பிறகு கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

“அதுல ஒண்ணு என்னோடது. எனக்கும் முட்டி வலிதான். சொன்னா நம்மள உக்கார வச்சிருவாங்கன்னு ஆடுற காலத்துல நானும் யார்கிட்டயும் சொல்லல.”

பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு பைய, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“போன வருசம் நான் சொன்னது தப்பு பிள்ளைகளா. இனிமே வலிக்குன்னு சொல்றவளோட இடம் அவளுக்குத்தான். சரியாகுற வரைக்கும் வேற ஒருத்தி ஆடினாலும், அவ வந்ததும் திருப்பிக் கொடுத்திரணும்.”

ஹெப்சிபா கையைத் தூக்கினாள். அதற்குப் பின்னால் இன்னும் பல கைகள் எழுந்தன.

டெபோரா அவளுடைய முட்டியை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போய் டாக்டரிடமும் காட்டினார். முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் புண்பட்டிருந்தது. நல்லவேளை, கிழியவில்லை. இப்படியே ஆடியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றார் டாக்டர். குதிக்காமல், பாடிப் போகாமல், சொன்ன பயிற்சிகளை மட்டும் செய்ய வேண்டும்.

மாவட்டப் போட்டிக்கு ஹெப்சிபா போனாள். ஆனால் வெளியே உட்கார்ந்து கத்தத்தான் போனாள். அரையிறுதியில் அணி தோற்றது. வரும் வழியில் பேருந்தில் அவள் தஸ்லிமாவோடு பேசவே இல்லை. இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“சட்டி வைக்கச் சொன்னது நீதானே?”

“ஆமா. ஆனா உன் பேரைச் சொல்லல.”

“தெரியும்” என்றாள் ஹெப்சிபா. மறுநாள் காலையில் பயிற்சி செய்ய அவளே வந்து தஸ்லிமாவை எழுப்பினாள்.

தமிழ்ப் புத்தாண்டு கழிந்து, அவள் மறுபடி மைதானத்தில் இறங்கினாள். முதல் முறை பாடிப் போனபோதே பிடிபட்டாள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி திரும்பினாள்.

தஸ்லிமாவின் மனத்தில் அப்போது வேறு ஒன்று ஓடியது. வலி என்று கை தூக்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இடது முட்டிதான் வலித்தது. அது ஏன் என்று டெபோராவிடம் கேட்டாள்.

டெபோரா யோசித்தார். “எனக்குத் தெரியல. நான் இன்னும் அதைப் பாக்கல.”

“அப்போ நான் பாக்கட்டுமாக்கா?”

டெபோரா போனை எடுத்து அவள் கையில் வைத்தார். தஸ்லிமா செம்மண்ணில் குப்புறப் படுத்து, ஹெப்சிபாவின் கால்களுக்கு நேராகக் கேமராவைப் பிடித்தாள்.

“ஏட்டி, இப்போ ஓடி வா.”