நெற்றிப் பட்டி

யூனியன்வில் என்ற ஊரில் இருந்த அந்தப் பழைய செங்கல் வீட்டுக்கு நிலாணி மதியம் வந்து சேர்ந்தாள். இறந்துபோன டொக்டர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த பழம்பொருட்களைப் பிரித்து அடுக்குவது அவளுடைய வேலை. பாரம் தூக்கக் கணவன் நிசாந்தனும் கூட வந்திருந்தான். டொக்டரின் மகள் கரோலின் பேஸ்மென்ற் கதவைத் திறந்துவிட்டுக் கோப்பி வாங்கப் போனாள்.

கீழே ஈரக் கம்பளியின் நெடி அடித்தது. கடைசிப் பெட்டிக்குள் தோலில் தைத்த ஒரு தொப்பி. அதன் உச்சியில் ஒலிவ் மரக்குச்சி ஒன்று கூராக நின்றது. அடியில் வெள்ளையும் சிவப்புமாய் முறுக்கிய கம்பளிப் பட்டி சுருண்டு கிடந்தது.

"உது ரோமாபுரிப் பூசாரியின்ர தொப்பி," என்றாள் நிலாணி. "பலி குடுத்த மிருகத்தின்ர தோலில செய்யிறது. தொடாதேங்கோ."

நிசாந்தன் சிரித்தபடி அதை எடுத்துத் தலையில் வைத்தான்.

சிரிப்பு நின்றது.

"கழட்டுங்கோ."

அவன் கழற்றவில்லை. படிக்கட்டை மறித்து நின்றுகொண்டான். கையில் பெட்டி வெட்டும் கத்தி. சுவருக்குப் பின்னால் ஒரு மாடு அடித்தொண்டையில் முனகியது.

"பட்டியைக் கட்டு," என்றான் மெல்ல. குரல் அவனுடையதுதான். கண்கள் அவனுடையவை அல்ல.

அந்தப் பட்டியைப் பூசாரியும் கட்டுவான். வெட்டுமுன் மிருகத்துக்கும் கட்டுவார்கள். நிலாணிக்கு அது தெரியும். மாட்டேன் என்று தலையசைத்தாள். கைகள் கேட்கவில்லை; தாமாகவே பட்டியை எடுத்துக் கட்டின. கம்பளி நெற்றியில் இறுகியது. கண்ணுக்குத் தெரியாத விரலொன்று அவள் கழுத்தில் நரம்பைத் தேடியது.

அவன் ஓரடி வைத்தான்.

மேலே கதவு திறந்தது. "கோப்பி ஆறப்போகுது," என்றபடி கரோலின் இறங்கி வந்தாள். நிசாந்தன் வழி விட்டான்.

ஓடு என்று ஒரு சொல் போதும். நிலாணி அதைச் சொல்லவில்லை. பட்டியை இழுத்து அவிழ்த்தாள். அது இலகுவாக வந்தது.

"கொஞ்சம் குனியுங்கோ, கரோலின். அப்பா சேர்த்ததில ஆக வடிவானது இதுதான்."

"எனக்குப் பொருந்துமோ?" கரோலின் வெட்கத்தோடு தலையை நீட்டினாள்.

நிலாணி முடிச்சை இறுக்கினாள்.

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொலிஸ் வந்தபோது நிசாந்தன் வெறுந்தலையோடு அழுதுகொண்டிருந்தான். கரோலினை வெட்டியது மட்டுமல்ல, அவளுக்குப் பட்டியைக் கட்டியதும் அவன்தான் என்றாள் நிலாணி. வீடு முழுக்கத் தேடியும் தொப்பி கிடைக்கவில்லை.

பனி கொட்டிய ஒரு நாள் சிறைக்குப் போய் அவனைப் பார்த்தாள். அவள் தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவளுடைய உச்சிக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தபோது போனில் மெல்லச் சொன்னான்:

"குனிஞ்சு போ, நிலாணி. வாசலில தொப்பியின்ர கூர் முட்டும்."